வாயால் ஓட்டிய பஸ்

என் மகனை எப்பாடுபட்டாவது வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவது என்று ஒரு நாள் காலையில் முடிவு கட்டினேன்.

அவனுக்கு வேலை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை பத்திரமாக அதன் இடத்தில் இருக்கிறது. இவன்தான் அங்கே இல்லை. பெண் குழந்தை பிறந்து, லீவு முடிந்து, மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குத் திரும்பினாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போன அன்றைக்கு, இவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான். கேட்டால், ஆபீசில் அப்பாக்களுக்கும் லீவு தருகிறார்களாம்.

"எதுக்குடா தராங்க?"

"குழந்தையைப் பாத்துக்கத்தான்ப்பா."

"பாத்துக்க என்னடா இருக்கு? அது எங்க ஓடிடப் போகுது? இன்னும் குப்புறவே விழலை."

அவன் சிரித்துக்கொண்டே குழந்தையின் மூக்கைத் துடைத்தான். அதுவும் எப்படி? மூக்கு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கமாக.

நான் பஸ் ஓட்டினவன். இவன் பிறந்த சேதி எனக்கு டிப்போவில்தான் வந்தது. கையிலிருந்த டிரிப்பை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். ஒரு வண்டி சனத்தை நடுரோட்டில் இறக்கிவிட்டா வர முடியும்? அப்பா என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பிள்ளை முழிக்கிறதுக்கு முன்னால் கிளம்பணும், பிள்ளை தூங்கின பிறகு வரணும். மார்க் குறைந்தால் மட்டும் எழுப்பித் திட்டணும். குடும்பம் அது பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடியது.

இவனோ குழந்தையை நெஞ்சில் ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறான். முன்னால் ஒரு பையில் குழந்தை, கையில் ஒரு பையில் வெங்காயம். கடைக்காரர் தெரியாமல் இரண்டையும் சேர்த்து எடை போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அதுகூடப் போகட்டும். என் கவலை வேறே. என் மத்தியானத் தூக்கம்.

வேலை பார்த்த காலம் முழுக்க முதல் வண்டி என் வண்டி. கோழிக்கு முன்னால் எழுந்தவன் நான். மத்தியானம் கண்ணைச் சொருகும்போதெல்லாம் ரோட்டைப் பார்த்து, "இருடா, ரிட்டயர்ட் ஆகட்டும்" என்று கண்ணுக்குச் சொல்லிவைத்தவன். ரிட்டயர்ட் ஆனதும் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். சாப்பாடு, பாய், விசிறி, தூக்கம். எழுந்ததும் டீ. இதில் யார் குறுக்கே வந்தாலும் எனக்குப் பொறுக்காது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. மகனால்.

ஒரு மத்தியானம் விசிறிக்குக் கீழே பாயை விரித்தேன். என் வீட்டுக்காரி வந்து ஒரு கூடை துணியைப் பாயின் நடுவில் கொட்டினாள்.

"என்னடி இது?"

"துணி."

"அது தெரியுது. பாயில எதுக்கு?"

"மடிக்கறதுக்கு. உங்க மகன் ஒரு கையில குழந்தையை வச்சுக்கிட்டு இன்னொரு கையால அடுப்பைப் பாத்துக்கறான். நீங்க மல்லாந்து படுத்து விசிறியைப் பாத்துக்கறீங்க. அது தானாச் சுத்தும். நீங்க பாக்கணும்னு இல்லை."

"நான் ரிட்டயர்ட் ஆனவன்டி!"

"நான் எப்ப ஆவேன்?"

துணியை மடித்தேன். ஒழுங்காகத்தான் மடித்தேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்துவிடுவது என் கெட்ட பழக்கம். பின்னால் அதுதான் என்னைக் கவிழ்த்தது.

மகனுக்கு லீவு முடியப் போகிறது, அதோடு இந்தக் கூத்தும் முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவனே வந்து, "லீவை நீட்டிக் கேட்டிருக்கேன்ப்பா" என்றான். நேரே அடுப்படிக்குப் போனேன்.

"இந்தா பாரு. பேசாம நீயே குழந்தையைப் பாத்துக்க. அவன் ஆபீசுக்குப் போகட்டும்."

"நான் ஒரு பிள்ளையைப் பாத்து முடிச்சாச்சு."

"எந்தப் பிள்ளையை?"

"உங்களுக்கு அறிமுகம் இருக்காதுதான். அதோ, குழாயடியில பால் புட்டி கழுவிக்கிட்டு நிக்கறானே, அவன்தான்."

இப்படிப் பேசுகிறவளிடம் எதைக் கேட்டு வாங்குவது? வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு வாசலும் எதிர் வீட்டு வாசலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். நடுவில் மாடிப்படி. எதிர் வீட்டில் டெய்லர். முன்னறையிலேயே மெஷினைப் போட்டுத் தைக்கிறவன். என்னை விட இளையவன், ஆனால் என்னை விடப் பாவப்பட்டவன். அன்றைக்கு மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"டிரைவரண்ணே, உங்க மகன் பண்றது நல்லா இல்லை."

"என்ன பண்ணிட்டான்?"

"பால்கனியில துணி காயப் போடறான்."

"போட்டுட்டுப் போகட்டும்."

"கிளிப் போடறான்ணே! ஒவ்வொரு துணிக்கும் கிளிப்! என் பொண்டாட்டி நின்னு அதைப் பாக்கறா. பாத்துட்டுத் திரும்பி என்னைப் பாக்கறா. வாயைத் திறக்கறது இல்லை. பாக்கறா, அவ்வளவுதான். முந்தியெல்லாம் என் சட்டையில பட்டன் போனா அவதான் தைச்சுக் குடுப்பா. இப்பக் கேட்டா, 'டெய்லர்கிட்டக் குடுங்க'ங்கறா."

"சரிதானேடா?"

"ஊருக்கெல்லாம் தைக்கிறவன் வீட்டுலயும் தைக்கணுமாண்ணே? நீங்க வீட்டுக்குள்ளயும் பஸ்ஸா ஓட்டறீங்க?"

நியாயமான கேள்வி. அப்போது எனக்கு அப்படித்தான் பட்டது.

டெய்லர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி இருக்குண்ணே. உங்க மகனுக்கு எதனால இந்தத் தைரியம்? ஆம்பளையாலயும் குழந்தையைப் பாத்துக்க முடியும்னு எல்லாரும் நம்பறதால. முடியாதுன்னு காட்டிட்டா?"

"எப்படிக் காட்டறது?"

"ஒரே ஒரு நாள் நீங்க பாத்துக்குங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அது வேறே. வீட்டை நாசம் பண்ணி வைங்க. பாலைக் கொட்டுங்க. துணியை வாரி இறைங்க. அக்கா வந்து பாப்பாங்க. நெஞ்சுல கையை வைப்பாங்க. 'ஐயையோ, இனிமே ஆம்பளைங்க கையில குழந்தையைக் குடுக்கவே கூடாது'ன்னு அவங்களே வாங்கிக்குவாங்க. உங்க மகன் ஆபீசுக்கு. நீங்க பாய்க்கு."

அசந்துபோனேன். பட்டன் தைக்கத் தெரியாதவன் மாதிரி நடிக்கிறவனுக்குள் இப்படி ஒரு மூளையா?

"டெய்லரே, இதெல்லாம் உனக்கே தோணிச்சா?"

"பின்னே?" என்றான். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை மாலை மாதிரி நேராக்கிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே மகனிடம் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் குழந்தையை நான் பாத்துக்கறேன்டா. நீ எங்கயாவது போய்க் காத்தாட இருந்துட்டு வா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட அவன் என்னைக் கட்டிப் பிடித்ததாக ஞாபகமில்லை. நடுவில் குழந்தை வேறு நசுங்கி 'ங்கே' என்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திட்டத்தைக் கைவிட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பாயை நினைத்துக்கொண்டேன். மனசு திடமானது.

பிறகு அவன் பாடம் எடுக்க ஆரம்பித்தான். பாலை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்க்கணுமாம். குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கணுமாம்.

"தூக்கும்போது தலையைத் தாங்கிப் பிடிக்கணும்ப்பா."

"ஒரு பஸ்ஸையே பிடிச்சவன்டா நான்."

"பஸ்ஸுக்குக் கழுத்து ஆடாதுப்பா."

என் வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாத்துக்குவீங்களா?" என்றாள். "பாத்துக்குவேன்" என்றேன். "சரி" என்றாள்.

அவ்வளவுதான். உப்பு வாங்கி வருகிறேன் என்றால்கூட எந்தக் கடை, எந்த உப்பு, எதற்கு இந்த நேரத்தில் என்று விசாரிக்கிறவள், ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டாள். வளைவு வந்தால் ஹாரன் அடித்து வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவன் நான். அன்றைக்கு நேரே போனேன்.

மறுநாள் மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகன் சிநேகிதனைப் பார்க்கப் போனான். என் வீட்டுக்காரியும் டெய்லர் வீட்டம்மாவும் கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டு ஒன்றாகக் கிளம்பினார்கள். வீட்டில் நானும் அவளும். அவள் என்றால் குழந்தை. நான் அவளை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவது. முகமும் அப்படித்தான். கன்னம் இரண்டும் தொங்கி, எதைப் பார்த்தாலும் திருப்தியில்லாத ஒரு பார்வை.

முதலாளி கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் நாசவேலையைத் தொடங்கினேன்.

முதலில் பால் பவுடர். டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தேன். கவிழ்க்கப் போனேன். கை வரவில்லை. இப்போதுதான் துடைத்த தரை, பளபளவென்று கிடக்கிறது. அதில் எப்படிக் கொட்டுவது? ஒரு பழைய பேப்பரை எடுத்து விரித்தேன். அதன் மேல் கொஞ்சம் கொட்டினேன். கொட்டின பிறகுதான் இது நாசமாக இல்லை, கடையில் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று தெரிந்தது. பேப்பரை மெல்ல உருவினேன். ஓரளவு தரையில் இறங்கியது. பேப்பரை உதறி, மடித்து, அலமாரியில் வைத்தேன்.

அடுத்து துணி. அலமாரியைத் திறந்தேன். அடுக்கு அடுக்காக இருந்தது. எல்லாம் நான் மடித்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து எப்படி மடித்திருக்கிறேன்! கலைக்க மனசு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டேன்.

டயபரைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சக்கரத்தில் நட்டைச் சரியாக முடுக்காமல் வண்டியை வெளியே எடுத்தால் மெக்கானிக் ஒரு பார்வை பார்ப்பான், அதே பார்வை. கழற்றிச் சரியாகப் போட்டேன். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று எட்டி நின்றும் பார்த்தேன்.

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

அழட்டும் என்பதுதான் திட்டம். ஆனால் திட்டம் போட்டபோது அழுகைச் சத்தம் கேட்கவில்லை. இப்போது கேட்டது. முதலில் கீழுதடு பிதுங்கியது. முகம் சிவந்தது. சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்திருந்தது ஒரு கணம். அப்புறம் வந்தது பாருங்கள், கதவு நடுங்கியது. கண்ணின் ஓரமாக நிஜக் கண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

திட்டமாவது மண்ணாவது. ஓடிப்போய்த் தூக்கினேன். தலையைத் தாங்கித்தான் தூக்கினேன். பால் கொடுத்தேன், குடித்தாள். ஏப்பம் விட்டாள். விட்டுவிட்டு மறுபடி அழுதாள். தூக்கத்துக்கு அழுகிறாள் என்று புரிந்தது. அதில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு. எனக்கும் அது தூங்குகிற நேரம்தான். தட்டிப் பார்த்தேன். நடந்து பார்த்தேன். தாலாட்டு தெரியாது. ஏதாவது சொல்லணுமே என்று, ஓட்டின ரூட்டில் இருந்த ஸ்டாப் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பாதி ஊர் வரைக்கும் போனோம். அழுகை நிற்கவில்லை.

கால் ஓய்ந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளை மடியில் வைத்து, இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தேன். பிடித்த பிடி ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இருந்தது. என்ன தோன்றியதோ தெரியவில்லை, என் தொண்டையிலிருந்து தானாக வந்தது:

"கர்ர்... கர்ர்... கர்ர்ர்... டுர்ர்ர்ர்ர்..."

குளிர்காலத்துக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம்.

அழுகை நின்றது. முதலாளி என் வாயையே பார்த்தாள்.

இடது காலால் தரையை அழுத்தினேன். ஃபர்ஸ்ட் கியர். காலை மெல்ல விட்டேன். என் முழங்கால் உயர, அவள் மடியில் ஒரு குலுங்கு குலுங்கினாள். "ட்ரூர்ர்ர்ர்..." செகண்ட். கண் சொக்கியது. தேர்ட். இமை பாதி இறங்கியது. பாலத்து ஏற்றத்தில் கொஞ்சம் இழுத்து, இறக்கத்தில் விட்டேன். வாய் லேசாகத் திறந்து, தூங்கியேவிட்டாள்.

முதல் ஸ்டாப் வந்தது. பழக்க தோஷம், பிரேக் போட்டேன். "புஸ்ஸ்ஸ்."

கண்ணைத் திறந்து கத்தினாள்.

மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஃபர்ஸ்ட், மறுபடி தூக்கம். மெல்ல நிறுத்திப் பார்த்தேன். அழுகை. இதற்கு மேல் ஸ்டாப்பிங் கிடையாது என்று புரிந்தது. எக்ஸ்பிரஸ்தான். உறுமிக்கொண்டே இருந்தேன். நாக்கு வறண்டது. உதடு மரத்தது. தூரத்தில் பாய் சுருட்டி வைத்திருந்தது கண்ணில் பட்டது. விசிறி எனக்கில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

கதவு மெல்லத் திறந்தது. டெய்லர் தலையை நீட்டினான்.

"அண்ணே, நாசம் பண்ணியாச்சா?"

"ட்ரூர்ர்ர்ர்."

"ஏண்ணே உறுமறீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?"

கண்ணால் குழந்தையைக் காட்டினேன். அவன் கிட்டே வந்து குனிந்தான். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலை எனக்கு. "கொஞ்ச தூரம் நீ ஓட்டு" என்று இரண்டு உறுமலுக்கு நடுவில் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

அவன் பதறி, "டகடகடகடக" என்றான்.

முதலாளி முகத்தைச் சுளித்தாள்.

"அது தையல் மெஷின்டா!"

"எனக்குத் தெரிஞ்ச வண்டி அதுதான்ணே!"

நானே மறுபடி எடுத்தேன். டெய்லர் தண்ணீர் கொண்டுவந்து, சைடில் இருந்து டம்ளரைப் பிடித்தான். ஓடுகிற வண்டியிலேயே குடித்தேன். அவன் குனிந்தபோது முதலாளி தூக்கத்தில் கையை நீட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தான். சிணுங்கினாள்.

"அண்ணே, விடமாட்டேங்கறா."

"ட்ரூர்ர்."

"கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கிடக்குண்ணே."

"ட்ரூர்ர்ர்ர்!"

உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அவன் இன்னொரு கையால் அவள் காலில் கிடந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தான். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

இப்படித்தான் எங்கள் இருவரையும் பிடித்தார்கள்.

பெண்கள் மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள். மருமகளுக்கு டூட்டி முடிந்து வழியில் பார்த்துக்கொண்டார்களாம். மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா! மத்தியானம் தூங்கறாளா? இவ மத்தியானத்துல தூங்கி நான் பாத்ததே இல்லையே மாமா!"

சத்தத்துக்கு முதலாளி கண் திறந்தாள். ஆனால் அழவில்லை. தூங்கித் தெளிந்த முகத்தோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். துரோகி.

நான் எஞ்சினை அணைத்துவிட்டுத் திட்டத்தில் மிச்சமிருந்ததைப் பிடித்துக்கொண்டேன். "அவளை விடும்மா. தரையைப் பாரு. பால் பவுடரெல்லாம் நாசம். என்னால முடியலைம்மா. ஆம்பளைக்கு இது ஆகாது."

"தரை கிடக்குது மாமா, துடைச்சுக்கலாம்" என்றாள் மருமகள். குழந்தையை வாங்கி முத்தம் கொடுக்கப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரி குனிந்து பவுடரைப் பார்த்தாள். நேரே அலமாரிக்குப் போனாள். மடித்து வைத்த பேப்பரை எடுத்து, பிரித்து, விரலால் தடவி, விரலைப் பார்த்தாள்.

"கை தவறிக் கொட்டிடுச்சா?"

"ஆமா."

"தவறறதுக்கு முன்னாடி பேப்பரை விரிச்சீங்களா, அப்புறமா?"

டெய்லர் எழுந்து நைசாக வாசல் பக்கம் நகர்ந்தான். வாசலில் அவன் மனைவி நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில் மகன் ஓட்டமாக வந்தான். மருமகள் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. "அப்பா! நீங்க இருக்கும்போது எனக்கு என்னப்பா கவலை? நான் திங்கக்கிழமையே ஆபீஸ் போறேன். சாயங்காலம் வந்ததும் குளிப்பாட்டறது, ஊட்டறது, எல்லாம் என் பொறுப்பு. பகல்ல மட்டும் பாத்துக்குங்க."

ஆபீஸ் போகிறேன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மீதி வார்த்தை கொஞ்சம் தாமதமாகத்தான் உள்ளே இறங்கியது.

"பகல்ல அம்மா பாத்துக்குவா" என்றேன் அவசரமாக.

"காலையில பாத்துக்கறேன்" என்றாள் அவள். "மத்தியானம் நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

"எங்க போறே?"

"வண்டி கத்துக்க. நானும் டெய்லரம்மாவும். இன்னிக்குப் போனது கடைத்தெருவுக்கு இல்லை. டிரைவிங் ஸ்கூலுக்கு. சேந்துட்டு வந்தாச்சு."

"வண்டியா? என்ன வண்டி?"

"கார்."

"நம்ம வீட்டுலதான் காரே இல்லையே!"

"பஸ்கூடத்தான் இல்லை. நீங்க ஓட்டலையா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீட்டுல ஒரு டிரைவரை வச்சுக்கிட்டு எவன்கிட்டயோ போய்க் கத்துக்கணுமா? என்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லித் தர மாட்டேனா?"

"கேட்டேன். கல்யாணமான புதுசுல. 'அப்புறம் பாக்கலாம்'னீங்க. இதான் அப்புறம்."

பேச்சை மாற்றினேன். "எல்லாம் சரி. குழந்தை என்கிட்டத் தூங்கும்னு நீ எப்படி நம்பிச் சேந்தே? தூங்காம நான் தத்தளிச்சிருந்தா?"

அவள் பேப்பரைக் கீழே வைத்தாள். மகனைக் காட்டினாள்.

"இவன் கைக்குழந்தையா இருந்தப்போ மத்தியானம் பூரா அழுவான். எதுக்கும் அடங்க மாட்டான். தூக்கிக்கிட்டுப் போய் உங்க பஸ்ஸுல ஏறிடுவேன்."

"என் பஸ்ஸுலயா? நான் பாத்ததே இல்லையே!"

"பின்வாசல்ல ஏறி, பின்சக்கரத்துக்கு மேல இருக்கற சீட்டுல உக்காருவேன். நீங்க ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. தெரிஞ்சா, டூட்டியில குடும்பத்தை ஏத்தறதான்னு கத்துவீங்கன்னு சொல்லலை. கண்டக்டருக்குத் தெரியும். நீங்க மூணாவது கியர் போடறதுக்குள்ள இவன் தூங்கிடுவான். வேற டிரைவர் வண்டியிலயும் ஏறிப் பாத்தேன். தூங்கலை."

மகன் என்னைப் பார்த்தான். நான் விசிறியைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சினேன். பால் பவுடர் பறந்து உள்ளே போயிருக்கும்.

திரும்பி டெய்லரைப் பிடித்தேன். "எல்லாம் உன்னால வந்தது. உன் யோசனைதானே?"

டெய்லரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவர் யோசனையா? நேத்து சோறு போடும்போது நான் சொன்னேன். 'பாவம் டிரைவரண்ணன், ஒரு நாள் குழந்தையைப் பாத்துக் கெடுத்து வச்சாருன்னா தப்பிச்சுக்கலாம், அவருக்கு அதெல்லாம் எங்க தோணப் போகுது'ன்னு. இவர் சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சு ஓடினாரு."

"என் மூளைன்னுதான்ணே நினைச்சேன்" என்றான் டெய்லர் பரிதாபமாக.

"உனக்கு யாரும்மா சொன்னது?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் கண் பக்கத்தில் நின்றவளிடம் போயிற்று. என் வீட்டுக்காரி துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் மத்தியானம் என்றால் இப்படி: முதலாளி தூங்குகிறாள். நான் ஓட்டுகிறேன். டெய்லர் வந்து விரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். முன்பு மாதிரி எக்ஸ்பிரஸ் இல்லை, இப்போது சில ஸ்டாப்பில் நிறுத்தினால்கூட முழிப்பதில்லை. பல் ஒன்று முளைத்திருக்கிறது, முதலில் பார்த்தது நான்தான். மகன் சாயங்காலம் வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு வாங்கிக்கொள்கிறான். 'இன்னிக்கு எந்த ரூட்டுப்பா?' என்று கேட்கிறான். சொல்கிறேன். இவ்வளவு பேச்சு எங்களுக்குள் இருந்ததே இல்லை. தூக்கம்தான் போய்விட்டது.

நேற்று முதலாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டருகே நின்றேன். டிரைவிங் ஸ்கூல் கார் தெருவில் திரும்பியது. ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரி. பக்கத்தில் சொல்லித் தருகிறவர், பின்னால் டெய்லரம்மா. எனக்கு நேரே வந்து வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோயிற்று.

என்னால் சும்மா இருக்க முடியுமா? ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "கிளச்சைப் படக்குன்னு விடாதே! பாதியில பிடி, வண்டி லேசா இழுக்கும், அப்புறம்..."

அவள் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். "ஏங்க, குழந்தை நனைச்சிருக்கா. உங்க சட்டையெல்லாம் ஈரம். உள்ள போய் மாத்துங்க."

"அது கிடக்கட்டும்டி, நான் சொல்றதைக் கேளு. கிளச்சு..."

அவள் மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, காலை வெண்ணெய் மாதிரி விட்டாள். வண்டி நகர்ந்தது.

"ஓட்டும்போது டிரைவர்கிட்டப் பேச்சுக் குடுக்கக் கூடாதுங்க" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.